ஆடும்போதே பயிற்றுநர் ஆகலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் ஆடும் மகளுக்குப் பயிற்றுநராக ஆசை. ஆட்டத்தை விட்ட பிறகுதான் தொடங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கூடைப்பந்து வீராங்கனை டான் ஸ்டேலி 1996, 2000, 2004 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு ஆடித் தங்கம் வென்றவர். ஆட்டத்தை விட்டது 2006-இல். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநர் ஆனதோ 2000-இலேயே! பிறகு அவர் பயிற்சியில் சவுத் கரோலினா பல்கலைக்கழக அணிக்கு 2017, 2022, 2024 என மூன்று தேசியப் பட்டங்கள். அவர் ஆடியது பாயிண்ட் கார்டு. மற்ற நால்வரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஆடும் இடம் அது. பயிற்றுநருக்கு அதைவிட நல்ல பள்ளி இல்லை.

மகள் இப்போதே தோட்டத்துப் பிள்ளைகள் ஆறேழு பேருக்கு வாரம் ஒரு மாலை சொல்லிக்கொடுக்கட்டும். பந்து முக்கியம்: பெரிய பெண்களுக்கு 6-ஆம் எண், சின்னப் பிள்ளைகளுக்கு 5. ஆண்களின் 7-ஆம் எண் பந்தைக் கொடுத்தால் கனம் தாங்காமல் நெஞ்சிலிருந்து தள்ளுவார்கள், முழங்கை வெளியே விரியும். பிறகு திருத்துவது பெரும்பாடு. லேஅப்பை, அதாவது ஓடிவந்து எம்பிக் கூடைக்குப் பக்கத்திலிருந்து பந்து போடுவதை, முதலில் பந்தில்லாமல் நடந்தே பழக்க வேண்டும். வலக்கையால் போடுபவள் வலம், இடம் என்று அடி வைத்து இடக்காலில் எம்பணும்.

நன்றாக ஆடுபவர்கள் செய்யும் தவறு, தானே போட்டுக் காட்டிக்கொண்டிருப்பது. பிள்ளைகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அரை நிமிடம் காட்டினால் போதும், பந்து அவர்கள் கையில் இருக்கட்டும்.

சான்றிதழுக்கு மலேசியாவின் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டமான எஸ்பிகேகே (SPKK) இருக்கிறது. அதில் விளையாட்டு அறிவியல், கூடைப்பந்துத் தனிப்பகுதி இரண்டையும் முடிக்க வேண்டும்.