மேடை இசை நாடகங்களில் உங்களை மிகவும் சிரிக்க வைத்த பாட்டு எது?

யோசிக்காமல் சொல்வேன்: 'வெஸ்ட் சைடு ஸ்டோரி'யில் வரும் 'ஜீ, ஆபீசர் கிரப்கி'. 1957 செப்டம்பரில் பிராட்வேயில் அரங்கேறிய நாடகம். இசை லெனார்ட் பெர்ன்ஸ்டீன், பாடல்கள் ஸ்டீபன் சோண்ட்ஹைம். சோண்ட்ஹைமுக்கு அப்போது வயது 27.

நியூயார்க் தெருக்களில் அடிதடியோடு திரியும் ஜெட்ஸ் கூட்டத்துப் பையன்கள், தங்களை ஓயாமல் விரட்டும் காவலர் கிரப்கியைக் கிண்டலடித்து நடத்தும் போலி விசாரணைதான் பாட்டு. ஆக்‌ஷன் என்பவன் குற்றவாளி, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். அப்பன் சரியில்லை, அம்மா சரியில்லை, அதனால் நானும் சரியில்லை என்று அவன் மூக்கைச் சிந்துகிறான். நீதிபதி உருகிப்போய், இவனுக்குத் தேவை மனநல மருத்துவர் என்கிறார். மருத்துவரோ, சமூகம்தான் இவனைக் கெடுத்தது, ஒரு வேலை கிடைத்தால் சரியாகிவிடுவான் என்று தள்ளிவிடுகிறார். அடுத்து சமூக சேவகி. பேபி ஜான் என்ற பையன் பெண் குரலில் கீச்சிட்டு நடிப்பான். வேலையாவது ஒன்றாவது, இவன் பிறவியிலேயே கெட்டவன், ஓராண்டு சிறையில் போடுங்கள் என்பது அந்த அம்மையாரின் தீர்ப்பு. அரசு அலுவலகக் கோப்புபோல மேசை மேசையாக நகர்ந்து, பையன் கடைசியில் கிரப்கியிடமே வந்து நிற்கிறான்.

1950களில் சிறார் குற்றம் அமெரிக்காவில் பெரும் பேச்சாக இருந்தது. செனட்டே துணைக்குழு அமைத்து விசாரித்தது. அந்த நிபுணர்களின் பேச்சையெல்லாம் இந்தப் பையன்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எந்த அதிகாரியிடம் எந்தச் சோகக் கதை எடுபடும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. எனக்குச் சிரிப்பு வருவது அங்கேதான்.

பாட்டின் இடம் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. மேடையில் இது இரண்டாம் அங்கத்தில், இரண்டு கொலைகள் விழுந்த பிறகு வருகிறது. தலைவன் செத்த அன்றிரவே பையன்கள் கூத்தடிப்பார்களா என்று சோண்ட்ஹைமுக்கே உறுத்தல். நாடகத்தை எழுதிய ஆர்தர் லாரன்ட்ஸ், ஷேக்ஸ்பியர் தன் சோக நாடகங்களில் கோமாளியைக் கொண்டுவரவில்லையா என்று வாதாடினார். 1961 திரைப்படத்தில் பாட்டைக் கொலைகளுக்கு முன்னால் நகர்த்திவிட்டார்கள். 2021 படத்திலும் அப்படித்தான். அங்கே காவல் நிலையத்துக்குள்ளேயே பாடுகிறார்கள்.

நான் லாரன்ட்ஸ் கட்சி. முன்னால் வைத்தால் இது வெறும் குறும்பு. பெரியவர்கள் ஒவ்வொருவரும் பையனைக் கைகழுவிவிடும் கதையை, இரண்டு பேர் செத்துக் கிடக்கும்போது கேட்டால் சிரித்துக்கொண்டே நெளிய வேண்டியிருக்கிறது. தவிர, பயந்துபோன பதின்வயதுப் பையன்கள் கூச்சல் போடாமல் வேறென்ன செய்வார்கள்?

கடைசி வரிக்கும் ஒரு கதை உண்டு. பிராட்வே மேடையில் அதுவரை யாரும் சொல்லாத கெட்ட வார்த்தை ஒன்றை அங்கே வைக்க சோண்ட்ஹைம் ஆசைப்பட்டார். இசைத்தட்டு நிறுவனம் ஆபாசச் சட்டத்தைக் காட்டி மறுத்தது. கிரப்கியின் பெயரையே வசவாக்கிவிடலாம் என்று பெர்ன்ஸ்டீன் யோசனை சொன்னார். அசல் வசவைவிட இதற்குத்தான் சிரிப்பு அதிகம்.

கேட்க விரும்பினால் 1957 மேடைக் குழுவின் ஒலிப்பதிவிலிருந்து தொடங்குங்கள். 1961 படத்தில் பெற்றோரைத் திட்டும் வரிகளை மழுக்கிவிட்டார்கள்.