ஓதம் காயும் மாதம்

பாறையேற்றக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: வெயில் அடிக்கிறது, பாறை மட்டும் காயவில்லை. லீட்ஸில் இருந்துகொண்டு இருபது வசந்தமாக நானும் இதையே புலம்பி வருகிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கே: அக்கா, ஏப்ரல் நடுவில் மால்ஹம் கோவ் போனோம். நான்கு நாளாகச் சொட்டு மழை இல்லை. போன் ஆப்பில் வரிசையாகச் சூரியன் படம். போய்ப் பார்த்தால் கேட்வாக் என்ற பகுதியில் பாதி ரூட்டில் (ஏறும் வழிகளில்) தண்ணீர் வழிகிறது. ஆப் பொய் சொன்னதா? (பிராட்ஃபோர்ட் வாசகர்)

ப: பொய் சொல்லவில்லை தம்பி. "நாளைக்கு மழையா?" என்று கேட்டீர்கள், இல்லை என்றது. மால்ஹமுக்குக் கிளம்புமுன் கேட்க வேண்டியது, "போன மாதம் எவ்வளவு பெய்தது?"

ஊரில் அடைமழை ஓய்ந்து பொங்கல் வைத்த பிறகும் பழைய வீட்டுச் சுவரில் ஓதம் காத்து நிற்குமே, அதே கதைதான். மால்ஹம் கோவ் 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை. தலைக்கு மேலே புல்வெளி, அதற்குக் கீழே வெடிப்பும் விரிசலுமாகக் கல். குளிர்காலம் முழுக்கப் பெய்த தண்ணீர் மண்ணில் ஊறி, விரிசலில் இறங்கி, அடுக்குகளுக்கு நடுவே நகர்ந்து, நீங்கள் பிடிக்க வேண்டிய ஓட்டை வழியாக நிதானமாக எட்டிப் பார்க்கும். அதற்கு நான்கு நாள் வெயில் ஒரு கணக்கே இல்லை. ஏப்ரல் கடைசி, மே வாக்கில் மேலே புல்லும் மரமும் துளிர்த்து மண்ணில் உள்ள தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினால்தான் கசிவு இளைக்கும். அதனால் நான் பாறையைப் பார்ப்பதற்கு முன்னால் மரத்தைப் பார்ப்பேன். மொட்டைக் கிளையாக இருந்தால் அவசரப்பட மாட்டேன்.

இங்கே தண்ணீர் போகும் வழியே விசித்திரம். மேலே மால்ஹம் தார்ன் ஏரியிலிருந்து வரும் ஓடை கொஞ்ச தூரத்தில் பூமிக்குள் மறைகிறது. கோவின் அடியில் ஓர் ஓடை பொங்கி வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். சாயம் கலந்து பார்த்தால், ஏரித் தண்ணீர் பெரும்பாலும் கிராமத்துக்குத் தெற்கே ஏர் ஹெட் ஊற்றில் தலைகாட்டியது. கோவின் அடியில் வருவது வேறு இடத்தில் மறைந்த தண்ணீர். உள்ளுக்குள் இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற மலையிடம் போய், நேற்று வெயிலடித்ததே என்று நியாயம் பேச முடியுமா? 2015 டிசம்பர் புயலில் நிலத்தடி வழி எல்லாம் நிரம்பி, கோவின் உச்சியிலிருந்தே அருவி கொட்டியது. இப்போது உயிரோடு இருப்பவர்கள் அதுவரை பார்த்திராத காட்சி.

நான் செய்வது இதுதான். அரசாங்கத்தின் வெள்ள எச்சரிக்கைத் தளத்தில் ஆற்று மட்டத்தைக் கோடு போட்டுக் காட்டுவார்கள். மால்ஹம் பக்கம் தொடங்கும் ஏர் ஆற்றின் கோட்டை எடுத்துப் பார்ப்பேன். மேலும் கீழுமாகக் குத்திக்கொண்டிருந்தால் வீட்டிலேயே இருந்து தோசைக்கு அரைக்கலாம். இரண்டு வாரமாகச் சரிந்துகொண்டே வந்து தட்டையாகப் படுத்துவிட்டால் கயிற்றை எடுப்பேன். ஏறுபவர்களில் பலர் இதைப் பார்ப்பதில்லை. மீன் பிடிப்பவர்கள் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. தண்ணீர்க் கோடு தெரிந்ததுமே திரும்பிவிடாதீர்கள். நன்றாக முன்னால் சாய்ந்த பாறையில் மேலேயிருந்து சொட்டும் தண்ணீர் உங்கள் முதுகுக்குப் பின்னால் விழும், பிடிகள் காய்ந்தே இருக்கும். கசிவு வரும் இடமும் வருடா வருடம் அநேகமாக அதேதான். போன ஏப்ரலில் எனக்கு ஒரு ரூட்டில் ஒரே ஒரு பிடிதான் ஈரம். இரண்டு விரல் நுழைகிற ஓட்டை. கீழ் உதட்டில் தண்ணீர் முத்து மாதிரி திரண்டு நிற்கிறது. துடைத்தேன். பத்து எண்ணுவதற்குள் அடுத்த முத்து. டிஷ்யூத் தாளை முறுக்கி உள்ளே திணித்துவிட்டுக் கீழே இறங்கி டீ குடித்தேன். அடுத்த முறை ஏறும்போது தாளை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, விரலை நுழைத்து, ஒரே மூச்சில் தாண்டிவிட்டேன். ஈரத் தாள் நாக்கில் சுண்ணாம்பாகக் கரித்தது. தாளை அங்கேயே விட்டுவிட்டு வருபவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

கே: வசந்தத்தில் எந்த மாதம் நல்ல மாதம்? ஒரே வார்த்தையில் சொல்லவும். (ஹாரோ வாசகி)

ப: எந்தப் பாறைக்கு? (இரண்டு வார்த்தையாகிவிட்டது, மன்னிக்கவும்.)

கே: ஒரு வாரமாக மழையே இல்லை. அன்று 16 டிகிரி, இதமான காற்று. பீக் டிஸ்ட்ரிக்ட்டில் சீ டேல் போனோம். ஒரு கசிவுகூட இல்லை, ஆனால் பாறை முழுக்க யாரோ வாளியால் ஊற்றின மாதிரி ஈரம். என்ன மாயம் அக்கா? (ஷெஃபீல்ட் வாசகர்)

ப: பாறைக்கு வேர்த்திருக்கிறது. ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்ச் சொம்பை மேசையில் வைத்தால் வெளியே துளி துளியாகப் பூக்கிறதே, அதேதான். சொம்பு ஓட்டை இல்லை, காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த இடத்தில் படிகிறது.

குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்து கிடந்த பாறை ஓரிரு நாளில் சூடேறாது. அதன் உடம்பு அவ்வளவு பெரிது. அதிலும் சீ டேல் மாதிரி வை ஆற்றங்கரையில் ஆழமாக, நிழலாக இருக்கும் பள்ளத்தாக்கில் கேட்கவே வேண்டாம். அங்கே தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்தால் முடிந்தது. அன்றைக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட அருமையாக இருக்கும். ஏற முடியாது.

ஆப்பில் வெப்பநிலைக்குக் கீழே "டியூ பாயிண்ட்" என்று ஓர் எண் இருக்கும், யாரும் சீந்துவதில்லை. காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாகப் படியும் என்பதைச் சொல்லும் எண் அது. நிழல் பாறையின் சூட்டுக்கு நான் போடும் கைக்கணக்கு: கடந்த ஐந்தாறு நாளின் பகல், இரவு எல்லாம் சேர்த்த சராசரி. அது 6 டிகிரி, இன்றைய டியூ பாயிண்ட் 10 என்றால் பாறை நனைந்தே தீரும். டியூ பாயிண்ட் 2, 3 என்று கீழே இருந்தால் கவலையில்லை. கைக்கணக்குதான். இருந்தாலும் என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.

கற்றுக்கொண்டது பட்டுத்தான். புளியோதரை கட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காரோட்டி அதே சீ டேலுக்குப் போனேன். ஆற்றோரம் காலை வைத்துத் தாண்டும் கற்கள் எல்லாம் வெளியே தெரிந்தன, தண்ணீர் குறைந்திருக்கிறது என்று ஒரே சந்தோஷம். முதல் பிடியில் கை வைத்தேன். வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் சாக் பவுடர் பசையாகக் குழைந்து விரலிடுக்கில் வழிந்தது. கூட வந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அந்த மாதிரி நாளில் காற்றும் வெயிலும் படும் உயரமான இடத்துக்கு வண்டியைத் திருப்புங்கள். அரை மணி நேரத்தில் ஸ்டானேஜ் பாறைக்குப் போய்விடலாம்.

கே: கிரிட்ஸ்டோன் (சொரசொரப்பான கெட்டி மணற்பாறை) மட்டும் ஏன் மார்ச்சிலேயே ஏறலாம் என்கிறார்கள்? (லெஸ்டர் வாசகி)

ப: ஸ்டானேஜ் மாதிரி இடங்களில் பாறைக்குப் பின்னால் கசிவதற்குப் பெரிய மலை கிடையாது. மேட்டின் விளிம்பில், காற்று வாங்கிக்கொண்டு நிற்கும் சுவர் அது. தூறல் நின்று காற்றடித்தால் ஒரு மணி நேரத்தில்கூட வெளுத்துவிடும். அப்புறம், குளிரக் குளிரத்தான் அந்தச் சொரசொரப்பு கையைப் பிடிக்கும். ஜூன் மாதம் அதே பிடியில் வேர்த்து வழுக்குவீர்கள்.

ஆனால் மரநிழலிலும் வடக்குப் பக்கமும் குளிர்காலத்துப் பச்சைப் பாசி படிந்திருக்கும். காய்ந்த பச்சை தூளாக உதிரும், நனைந்த பச்சை சோப்பு. எல்லாவற்றையும் விட மேல் விளிம்பைக் கவனியுங்கள். கீழே பொரி மாதிரி காய்ந்திருக்கும். உச்சியில் குழிந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். கடைசியாகக் கை வைக்கப்போவது அங்கேதான்.

கே: லண்டனில் இருந்து பக்கம் என்று ஹாரிசன்ஸ் ராக்ஸ் போகிறோம். சனிக்கிழமை மழை, ஞாயிறு மதியம் பாறை வெளுத்துக் காய்ந்திருந்தது. ஏறினோம். பக்கத்தில் ஒருவர் சத்தம் போட்டார். நாங்கள் செய்தது தப்பா? (குராய்டன் வாசகர்)

ப: தப்புதான். அவர் சத்தம் போட்டது சரி.

வடகம் காய வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். முதல் நாள் சாயங்காலம் வடகம் மேலே மொறுமொறுவென்று இருக்கும். ஆசைப்பட்டு டப்பாவில் போட்டால் மூன்றாம் நாள் பூசணம். பாட்டி ஒன்றை எடுத்து உடைத்துப் பார்ப்பாள், உள்ளே வெள்ளையாகப் பிசுபிசுக்கும். "இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்பாள். தெற்கு இங்கிலாந்தின் மணற்பாறையும் இப்படித்தான். மேல்தோல் வெளுத்துவிடும், உள்ளே ஈரம் கிடக்கும். மணலை மணலோடு ஒட்டி வைத்திருக்கும் பிடிப்பு ஈரத்தில் தளர்ந்துபோகும். வெளியே மெல்லிய கெட்டித் தோல், உள்ளே விரலால் சுரண்டினால் உதிர்கிற மணல். அந்தத் தோல் ஒருமுறை பெயர்ந்தால் திரும்ப வராது, அந்த இடம் வருடத்துக்கு வருடம் குழிந்துகொண்டே போகும்.

பாறையை உடைத்தா பார்க்க முடியும்? அதனால் அடியில் இருக்கும் மண்ணை நோண்டிப் பாருங்கள். மேல் மண் காய்ந்திருக்கும், அதை நம்பாதீர்கள். ஒரு விரல் ஆழத்தில் மண் கறுப்பாக, உருட்டினால் உருண்டையாக வந்தால் பாறைக்குள்ளும் ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வெயிலும் காற்றும் படும் பக்கம் இரண்டு மூன்று நாள். மரத்தடியில் வசந்தத்தில் வாரக்கணக்கில்கூட ஆகும்.

நானும் யோக்கியம் இல்லை. வருடங்களுக்கு முன்னால் நார்தம்பர்லண்டில் ஒரு மணற்பாறை. முந்தைய இரவு மழை, காலையில் நல்ல வெயில். திரும்பிப் போக மூன்று மணி நேரம் ஆகுமே என்ற நப்பாசையில் ஏறினேன். உள்ளங்கை அளவு ஒரு பட்டை, பிஸ்கட் உடைகிற சத்தத்தோடு கையோடு வந்தது. கயிறு பிடித்துக்கொண்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயர்ந்த இடம் மட்டும் புத்தம் புது மஞ்சளாக, சுற்றிலும் பழைய சாம்பல் நிறம். தலைமுறை தலைமுறையாகப் பலர் கை வைத்து ஏறிய இடம். அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், எங்கே வைப்பது என்று தெரியாமல்.

கயிறும் பாறையை அறுக்கும். ஹாரிசன்ஸில் மேலே நீளப் பட்டை கட்டி, காரபைனர் (கயிறு மாட்டும் கொக்கி) விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும்படி வையுங்கள். கயிறு கல்லில் உரசவே கூடாது. காய்ந்த நாளிலும்.

கே: திருச்சியிலிருந்து அம்மா போனில் கேட்கிறார்: "மலைக்கோட்டைக்குப் படி வெட்டி வச்சிருக்காங்க, நீ ஏண்டி சுவத்துல தொங்கறே?" என்ன பதில் சொல்வது? (மான்செஸ்டர் வாசகி)

ப: படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லுங்கள்.

கே: ஒருவழியாகப் பாறை காய்ந்திருந்த நாளில் போனால் "பறவை கூடு கட்டியிருக்கிறது, ஜூன் வரை ஏறாதே" என்று பலகை. கூடு கண்ணுக்கே தெரியவில்லை. ஓரமாக ஏறினால் என்ன? (ஹடர்ஸ்ஃபீல்ட் வாசகர்)

ப: ஏறாதீர்கள். உங்கள் கண்ணுக்குக் கூடு தெரியாவிட்டாலும் நீங்கள் அதன் கண்ணுக்குத் தெரிகிறீர்கள். பெரெக்ரின் வல்லூறு அடைகாக்கும்போது தெரிந்தோ அலட்சியத்தாலோ தொந்தரவு செய்வது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அபராதம் மட்டுமல்ல, சிறையும் உண்டு. மால்ஹமில் வல்லூறு, ஸ்டானேஜ் பக்கம் ரிங் ஊசல் என்ற பறவை என்று வசந்தத்தில் அங்கங்கே ஒரு பகுதியை மட்டும் மூடுவார்கள். எந்தப் பகுதி, எந்தத் தேதி வரை என்பதை பிரிட்டிஷ் மலையேற்றக் கவுன்சில் தன் தளத்தில் போட்டுவிடும். கிளம்பும் காலையில் பாருங்கள். குஞ்சு பறந்துவிட்டால் முன்கூட்டியே திறப்பதும் உண்டு.

கே: பெரிய பெரிய ஆட்களும் இப்படிக் காத்துக் கிடப்பார்களா? (பிராட்ஃபோர்டிலிருந்து இன்னொரு வாசகர்)

ப: கிடப்பார்கள். மால்ஹமில் பிரிட்டிஷ் பாறையேற்றக்காரர் ஸ்டீவ் மெக்லூர் 2003இல் ஏறிய ரூட்டின் பேர் ரெயின்ஷேடோ. 2017இல் அதே சுவரில் அவர் ஏறி முடித்தது ரெயின்மேன், பிரிட்டனின் முதல் 9பி (ரூட்டின் கடினத்தைச் சொல்லும் தரம்). இரண்டு பேரிலும் மழை.

கே: வருகிற ஞாயிறு மால்ஹம் போகலாமா அக்கா? சுருக்கமாகச் சொல்லுங்கள். (கீத்லி வாசகி)

ப: உங்கள் கடிதம் எனக்கு வந்து, நான் எழுதி, இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த ஞாயிறு போய்விட்டது. அன்றைக்கு நான் போயிருந்தேன். நடுப்பகுதி ஒழுகிக்கொண்டிருந்தது. இடது ஓரம் இரண்டு ரூட் காய்ந்திருந்தது. உங்களைக் காணோமே?