கணினிக் கேள்வி பதில்: வைகாசி 1 நகராது

கேள்வி: எங்கள் சென்டரில் லினக்ஸ் கணினிகளுக்குத் திரைத்தோற்றம் தரும் பிளாஸ்மா 6 போட்டோம். முன்பு ஒரே கிளிக்கில் திறந்த ஃபோல்டர் இப்போது இரண்டு கிளிக் கேட்கிறது. கீழே இருக்கும் பட்டையும் ஒட்டாமல் மிதக்கிறது. இதையெல்லாம் யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள்?
(ஒரு வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: செட்டிங்ஸில் போய் இரண்டையும் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம், கவலை வேண்டாம். 2024 பிப்ரவரியில் வந்த 6.0இல், போட்டவுடன் எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றினார்கள். விண்டோஸிலிருந்து வருகிறவர் கை இரட்டைக் கிளிக்குக்குப் பழகியதாயிற்றே. இது ஒரு முதலாளி போட்ட உத்தரவு இல்லை. பிளாஸ்மாவை உருவாக்கும் கேடிஇ அமைப்பில் தோற்றத்துக்கென்றே 2014இல் ஒரு குழு உருவானது. படம் போட்டுக் காட்டுவார்கள், சண்டை பிடிப்பார்கள். கடைசியில் பெரும்பாலும் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர் சொல்தான் நிற்கும். எல்லோரிடமும் ஓட்டுக் கேட்பதில்லை. அதுவே நல்லது என்பேன். கல்யாணப் பத்திரிகை நிறத்துக்கு இரு வீட்டாரையும் கேட்டால் என்ன ஆகும் என்று வேலூர் லாங்கு பஜாரில் டிடிபி கடை வைத்திருந்த எனக்குத் தெரியும்.

கேள்வி: இலவச மென்பொருள்தானே, அழகாக முடித்துவிட்டு நிதானமாக வெளியிட்டால் என்ன?
(ஒரு வாசகி, குடியாத்தம்)

பதில்: உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது, அம்மா. வைகாசி 1 என்றால் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் புறப்பட்டாக வேண்டும். சீரியல் செட் பாதிதான் எரிகிறது என்று யாரும் 2ஆம் தேதிக்குத் தள்ளுவதில்லை. பிளாஸ்மா போலவே லினக்ஸுக்குத் திரைத்தோற்றம் தரும் க்னோமும் அப்படித்தான். மார்ச்சில் ஒரு வெளியீடு, செப்டம்பரில் ஒன்று. தயாராகாதது அடுத்த ஆறு மாதம் காத்திருக்கும்.

பீட்டா என்கிற சோதனைப் பதிப்போடு திரையின் தோற்றம் உறைந்துவிடும், அப்புறம் வாசகங்கள். உதவிப் பக்கம் எழுதுகிறவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், எங்களைப் போன்றவர்கள் மொழிபெயர்க்க வேண்டும், அதற்காக. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு சின்னப் புரோகிராமுக்குத் தமிழ் பார்த்தேன். ‘சேமி’ பொத்தானில் அடங்கியது. ‘விருப்பத்தேர்வுகள்’ அடங்கவில்லை, ‘விருப்பத்தேர்’ வரை தெரிந்து, மிச்சம் மூன்று புள்ளி. கேட்டதும் பொத்தானை அகலமாக்கினார்கள். வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்னால் வடிவமைப்பாளர் மூல ஆங்கிலச் சொல்லையே மாற்றிவிட்டார்! முழுத் தமிழ்த் திரையில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல், சோற்றில் கல் மாதிரி. க்னோமில் இந்த வேலை நடக்காது. உறைந்த தோற்றத்தைத் தொட வெளியீட்டுக் குழுவில் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும்.

தள்ளிப்போட்டதும் உண்டு. 2006 ஏப்ரலில் வரவேண்டிய உபுண்டு என்ற லினக்ஸ், மெருகேற்ற ஜூன் வரை போனது. ஆண்டும் மாதமும்தான் அதன் எண் என்பதால் 6.04 என்பது 6.06 ஆயிற்று. தள்ளாமல் திட்டு வாங்கியதும் உண்டு: 2008 ஜனவரியில் கேடிஇ 4.0. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ்காரர்கள் மட்டும் ‘தயாரானதும் வரும்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

கேள்வி: எனக்கு நிரல் எழுத வராது, ஐகான் வரைய வரும். சேர்த்துக்கொள்வார்களா?
(ஒரு வாசகர், ஆரணி)

பதில்: தாராளமாக. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில், பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி கோப்பாக வரையுங்கள். முழு ஐகான் தொகுப்பே செய்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள், பாதியில் நிற்கும். ஒரே ஒரு ஐகான், 16க்கு 16 கட்டத்தில் பார்த்தாலும் இன்னதென்று புரிய வேண்டும். பட்டுத்தறி ஜக்கார்டுக்குக் கட்டத்தாளில் டிசைன் போடும் ஊர்க்காரருக்கு இது புதிதா என்ன? வெளியீடு முடிந்த வாரம் அனுப்புங்கள். முந்தின வாரம் அனுப்பினால் பதிலே வராது.