பால் பொங்கினது கூட தெரியல டாக்டரம்மா

கேள்வி: எனக்கு வயசு 46, தென்காசி பக்கம், வீட்லயே டெய்லரிங் பண்றேன். எச்ஐவி பாசிட்டிவ்னு தெரிஞ்சு 14 வருஷம் ஆச்சு, ஏஆர்டி சென்டர்ல குடுக்கற எச்ஐவி கூட்டு மாத்திரைய சாப்டுட்டு நல்லாத்தான் இருக்கேன், ரத்தத்துல கிருமி எவ்வளவு இருக்குன்னு பாக்கற வைரல் லோடு டெஸ்ட்லயும் கடைசியா கிருமி தெரியலன்னு சொன்னாங்க. ஆனா ஆறேழு மாசமா ஒரே மறதி. கைச்சுற்று அளவெடுத்துட்டு நோட்ட எடுக்கறதுக்குள்ள நம்பர் மறந்துடுது, மறுபடி கைய நீட்டுங்கக்கான்னு கேக்க கூச்சமா இருக்கு. பக்கத்துலயே நிக்கறேன், பால் பொங்கி அடுப்பு அணைஞ்சது கூட தெரியல. ராத்திரி தூக்கமும் இல்ல. கிருமி மூளைக்கு ஏறிடுச்சா? காலேஜ் படிக்கற பையனுக்கு எதுவும் தெரியாது, மாத்திரைய பாட்டில்லேர்ந்து எடுத்து நூல்கண்டு டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். அவனுக்கு பாரமா ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு.

பதில்: உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன்மா. எதெல்லாம் மறந்துச்சுன்னு இவ்வளவு தெளிவா எழுதிருக்கீங்க பாருங்க, அதுலயே எனக்கு பாதி நம்பிக்கை வந்துருச்சு.

மொதல்ல உங்க பயத்துக்கு வரேன். எச்ஐவி உடம்புக்குள்ள வந்த கொஞ்ச வாரத்துலயே மூளைக்கும் போயிடும், அது பொதுவா நடக்கறதுதான், இப்ப புதுசா ஏறிடலை. மூளையில காவல் வேலை பாக்கற எதிர்ப்பு செல்லுக்குள்ள உக்காந்துகிட்டு ஒரு அழற்சிய உண்டாக்குது, அதுதான் நரம்பு செல்ல வாட்டுது. 2004 ஏப்ரல்ல அரசாங்கம் இலவசமா கூட்டு மருந்து குடுக்க ஆரம்பிச்சதுக்கு முந்தி, சட்டை பட்டன் போடத் தெரியாம வார்டுல உக்காந்திருந்தவங்கள நான் பாத்திருக்கேன், இப்ப கிருமி அடங்கி இருக்கறவங்ககிட்ட அந்த அளவுக்கு பாக்கறது ரொம்ப அபூர்வம். லேசான பாதிப்பு மட்டும் சிலருக்கு இருக்கு, அது மறதிங்கறத விட மந்தம்னுதான் சொல்லணும், ரெண்டு வேலைய சேத்து பாக்க முடியாது, கணக்கு மெதுவா வரும், ஆனா ஒரு க்ளூ குடுத்தா பட்டுனு ஞாபகம் வந்துடும்.

ஆனா உங்க லெட்டர்ல என் கண்ணுல பட்டது தூக்கம்தான். ஆறேழு மாசமா சரியா தூங்காத ஒரு தலைக்குள்ள கைச்சுற்று நம்பர் எப்படிமா நிக்கும்? நம்பர் மறந்து போகல, அது உள்ள போகவே இல்ல, ஏன்னா உங்க கவனம் பையன் அந்த டப்பாவ தெறந்துடுவானோங்கறதுலயே இருக்கு. எச்ஐவியோட வாழறவங்களுக்கு மனச்சோர்வு மத்தவங்கள விட அதிகமாவே வருது, அது எல்லாருக்கும் அழுகையா வராது, சிலருக்கு உங்கள மாதிரி மறதியா, எதுலயும் ஒட்டாத மாதிரி வரும். இத நான் அடிச்சு சொல்றதுக்கு காரணம் இது மருந்துக்கும் பேச்சுக்கும் நல்லா கேக்கற வியாதி, கிருமி மேல பழிய போட்டு சும்மா இருந்துட்டீங்கன்னா இது அப்படியே கெடந்துடும்.

அடுத்த தடவ மாத்திரை வாங்க போறப்ப நல்லாருக்கேன்னு சொல்லிட்டு பஸ்ஸ பிடிக்காதீங்க, எனக்கு எழுதினத அப்படியே அங்க சொல்லுங்க. தைராய்டு, ரத்தசோகை, பி12, சுகர், பிரஷர் பாக்கச் சொல்லுங்க, 46 வயசுல மாதவிலக்கு நிக்கற சமயத்துலயும் தூக்கம் கெட்டு மறதி வரும். நாலு வார்த்தைய சொல்லி ஞாபகம் வச்சுக்க சொல்லுவாங்க, வெரல தட்ட சொல்லுவாங்க, கைய முஷ்டி, பக்கவாட்டு, தட்டைன்னு மாத்தி மாத்தி வைக்க சொல்லுவாங்க, அஞ்சு நிமிஷ வேலைதான். மனநல டாக்டர்கிட்ட அனுப்பினா போங்க, என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு அவர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. 2018 செப்டம்பர்லேர்ந்து எச்ஐவிக்குன்னே தனி சட்டம் அமல்ல இருக்கு, உங்க சம்மதம் இல்லாம விஷயத்த வெளிய விடக்கூடாது.

அந்த நூல்கண்டு டப்பா வேண்டாம்மா. பாட்டிலுக்குள்ள ஈரத்த உறிஞ்சற சின்ன பொட்டலம் இருக்கும், மாத்திரை அதோடதான் இருக்கணும். லேபிள வேணா கிழிச்சிடுங்க. மாத்திரைய மட்டும் ஒரு நாளும் நிறுத்திடாதீங்க, இப்ப உங்க மூளைக்கு அதுதான் காவல். பையன்கிட்ட எப்ப சொல்றது, சொல்லணுமாங்கறதெல்லாம் உங்க முடிவு, சென்டர்ல ஆலோசனை சொல்ற கவுன்சிலர பக்கத்துல வச்சுகிட்டு கூட சொல்லலாம். காய்ச்சலோட கடுமையான தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுக்கறது, திடீர்னு பேச்சு மாறிப் போறது இதுல எது வந்தாலும் அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கேள்வி: தம்பிக்கு 27 வயசு, ஓசூர்ல ஷிப்ட் வேலை. நாலு மாசம் முன்னாடி பாசிட்டிவ்னு தெரிஞ்சு மாத்திரை ஆரம்பிச்சான். தூக்கமே இல்லங்கறான். போன வாரம் "நான் இருந்து என்னண்ணே ஆவப் போவுது"ன்னான். என்ன பேசறதுன்னு தெரியல.

பதில்: இன்னிக்கே பேசுங்க. செத்துடலாம்னு தோணுதாடான்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த நெனப்ப நாமளே உண்டாக்கிடுவோமோன்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, யாராவது கேட்டாங்களேன்னு ஆறுதலாத்தான் இருக்கும். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. தூக்கத்துக்கு வருவோம், இப்ப குடுக்கற கூட்டு மாத்திரையில இருக்கற டொலுடெக்ராவிர் சிலருக்கு தூக்கத்த கெடுக்கும், காலையில சாப்பிடற மாதிரி மாத்திக்கலாமான்னு சென்டர்ல கேளுங்க, பல பேருக்கு இதுலயே சரியாயிடும், தூக்கமோ மனசோ அப்பவும் சரியாகலன்னா மருந்தையே மாத்தித் தர சொல்லி கேக்கலாம். அப்புறம் அவன்கிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க, மாத்திரை ஒழுங்கா போட்டு வைரல் லோடுல கிருமி தெரியாத நிலையிலயே இருந்தா உடலுறவு மூலமா அவன்கிட்டேர்ந்து யாருக்கும் பரவாது, கல்யாணம் பண்ணிக்கலாம், கிருமி இல்லாத குழந்தை பெத்துக்கலாம். 27 வயசுல நிறைய பேர் இது தெரியாமலேயே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு உக்காந்துடறாங்க, எனக்கு மனசு கேக்கவே மாட்டேங்குது.

கேள்வி: வல்லாரை சாப்பிட்டா ஞாபக சக்தி வருமா? கால்சியம் மாத்திரையும் சேத்து போடலாமா? நானும் ஏஆர்டில இருக்கேன்.

பதில்: வல்லாரைய துவையல் அரைச்சு சாப்பிடுங்க, கீரைதான, ஆனா அத நம்பி மறதிக்கு டாக்டர பாக்காம இருக்காதீங்க. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைய வெறும் வயித்துல ஏஆர்டியோட சேத்து போட்டா டொலுடெக்ராவிர் உடம்புல சரியா ஏறாது, சாப்பாட்டோட ரெண்டையும் சேத்து போடுங்க, இல்லன்னா ஏஆர்டிய போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு கால்சியம் போடுங்க. வயித்தெரிச்சலுக்கு குடிக்கற ஜெலுசில் மாதிரி மருந்த மட்டும் சாப்பாட்டோட கூட சேக்காதீங்க, அதையும் ஏஆர்டிய போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் குடிக்கணும்.