குழாயடியில் கழுவாதீர்கள்

ஐயா, வணக்கம். பாலக்கோட்டில் இருக்கிறேன். வீட்டில் இரண்டடி கண்ணாடித் தொட்டி, நான்கு கோல்டு ஃபிஷ். ஞாயிறுதோறும் தண்ணீரை முழுக்க இறைத்து, கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் பளிச்சென்று கழுவி, புதுத் தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் புதன்கிழமைக்குள் பால்போல் கலங்கிவிடுகிறது. இப்போது ஒரு மீனின் வாலில் பஞ்சு மாதிரி பூஞ்சை. மெத்திலின் ப்ளூ மூன்று முறை விட்டும் போகவில்லை. இதைவிட வலுவான மருந்து எது? ஆர்ஓ தண்ணீர் விடலாமா? வாஸ்துவுக்கு ஒரு கறுப்பு மீன் சேர்க்கச் சொல்கிறார் அப்பா. இரவில் சத்தம் என்று அம்மா ஏர் மோட்டாரை நிறுத்திவிடுகிறார்.

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த மருந்து பாட்டிலைக் கீழே வையுங்கள்.

நோயுற்ற மீனை 10 லிட்டர் பிடிக்கும் தனி டப்பில் விடுங்கள். 20 கிராம் கல் உப்பைக் கரைத்து, ஒரு மணி நேரத்தில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடட்டும். தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புச் சேருங்கள். மெத்திலின் ப்ளூ விட்டே தீருவேன் என்றால் அதையும் இந்த டப்பில் மட்டும் விடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இழை இழையாக நீட்டிக்கொண்டிருந்தால்தான் பூஞ்சை. வாயோரத்திலோ முதுகிலோ சாம்பல் வெள்ளையாகப் படர்ந்து ஓரிரு நாளில் பெருகினால் அது பாக்டீரியா. பூஞ்சை மருந்துக்கு அது அசையாது, வெந்நீர் கலந்து சூடேற்றினால் இன்னும் வேகமாகப் பரவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பூஞ்சையின் வித்து எந்தத் தொட்டித் தண்ணீரிலும் இருக்கும். மீனின் மேல் வழவழப்பு கெடாதவரை அதற்கு இடமில்லை. அதைக் கெடுப்பது அமோனியா. மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் விடும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெரும்பாலும் குடியிருப்பது நீங்கள் அழுக்கு என்று நினைக்கும் அந்தப் பழுப்பு நிற ஸ்பாஞ்சில்தான். புதுத் தொட்டியில் அவை ஊன்ற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்களோ ஏழு நாளைக்கு ஒருமுறை துடைத்தெறிகிறீர்கள். உறைமோரைக் கொட்டிவிட்டுப் பாலையே பார்த்துக்கொண்டிருந்தால் தயிர் வருமா? புதன்கிழமைக் கலங்கல் பூஞ்சையல்ல, நிலைகொள்ளாத தண்ணீரில் பெருகும் வேறு பாக்டீரியா. அதைப் பார்த்துப் பதறி மறுபடி கழுவுகிறீர்கள், மருந்தை ஊற்றுகிறீர்கள். மெத்திலின் ப்ளூ மிச்சமிருந்த நல்ல பாக்டீரியாவையும் தாக்கும்.

ஸ்பாஞ்சைக் குழாயில் காட்டவே கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்து, ஈரம் காயுமுன் திரும்பப் பொருத்துங்கள். அதுவும் குமிழி ஓட்டம் மந்தமானால் மட்டும். சோப்பு, வெயில் இரண்டும் ஆகாது. கல்லை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் நாளில் ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள்.

உங்கள் தொட்டி இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடி என்றால் சுமார் 56 லிட்டர். வாரம் 14 லிட்டர் மாற்றினால் போதும். ஆனால் அடுத்த மூன்று வாரம் தினமும் அதே அளவு மாற்றுங்கள், தீனி ஒருநாள் விட்டு ஒருநாள். குழாய்த் தண்ணீரானால் கடையில் விற்கும் ஆன்டி குளோரினைப் புட்டியில் சொன்ன அளவில் கலந்து விடுங்கள். போர் தண்ணீரானால் பிஎச், அதாவது அமில, காரத்தன்மையின் அளவு, பார்த்துவிடுங்கள். பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல், அதே அளவு அமோனியாவில் விஷமாகும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. கோல்டு ஃபிஷுக்குக் கடினநீர் பிரச்சினையில்லை, அமோனியாதான் பிரச்சினை.

ஆர்ஓ வேண்டாம். வெறும் ஆர்ஓவில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் இருக்காது, திடீரென்று சரியும். கறுப்பு மீனா? இருக்கும் நான்கிலேயே இரண்டு அதிகம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வாஸ்துவை அப்பாவோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

மோட்டாரை மட்டும் நிறுத்தாதீர்கள். ஸ்பாஞ்சில் தண்ணீர் ஓடாவிட்டால் பாக்டீரியா மூச்சுத் திணறிச் சாகும். 5 வாட் மோட்டார் இரவுபகல் ஓடினாலும் மாதம் 3.6 யூனிட்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் தூக்கமும் முக்கியம்: மோட்டாரை மரப்பலகையிலிருந்து எடுத்து, மடித்த துண்டின் மேல், தொட்டித் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக வையுங்கள். சத்தம் பெருமளவு அடங்கும், கரண்ட் போனாலும் தண்ணீர் குழாய்வழி திரும்பி மோட்டாருக்குள் ஏறாது.