ஆஸ்பெர்ஜில்லேசியே குடும்பத்துப் பூசணங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஆஸ்பெர்ஜில்லஸும் பெனிசிலியமும் டிரைக்கோகோமேசியே குடும்பம் என்று பழைய பாடநூல்கள் சொல்கின்றன. இப்போது வேறு பெயர் வழங்குகிறதே?

பதில்: டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்ட பூசணவியலாளர்கள் ஹவுப்ராக்கனும் சாம்சனும் 2011இல் அந்தக் குடும்பத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நீங்கள் கேட்ட இரு பேரினங்களும் ஆஸ்பெர்ஜில்லேசியேவுக்குச் சென்றன. டாலரோமைசிஸ் எனும் பேரினம் பழைய குடும்பத்திலேயே தங்கிவிட்டது. வரிசை யூரோஷியேல்ஸ், தொகுதி ஆஸ்கோமைக்கோட்டா என்பவற்றில் மாற்றமில்லை.

கேள்வி: கறுப்பாக இருந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ், பச்சையாக இருந்தால் பெனிசிலியம் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. மாணவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுதான். வித்துகள் தோன்றுவதற்கு முன் இரண்டுமே வெண்மையாகத்தான் இருக்கும். வித்துகள் வந்த பிறகும், ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் கறுப்பாகவும், ஃபிளேவஸ் மஞ்சள் கலந்த பச்சையாகவும், ஃபியூமிகேட்டஸ் சாம்பல் சாயலுள்ள நீலப்பச்சையாகவும் இருப்பதால், நிறத்தை நம்பிப் பேரினத்தைச் சொல்ல முடியாது. ஒட்டுநாடாத் துண்டொன்றைப் பூசணத்தின் மேல் மெல்லத் தொட்டெடுத்து, லாக்டோஃபீனால் காட்டன் புளூ எனும் சாயம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். ஆஸ்பெர்ஜில்லஸில், அடிச்செல்லிலிருந்து பொதுவாகக் குறுக்குச்சுவரற்ற காம்பு எழுந்து, நுனி குமிழாகப் புடைத்திருக்கும். அக்குமிழைச் சுற்றி, நேரடியாகவோ மெட்டுலா எனும் இடைச்செல்களின் மேலோ, ஃபியாலைடு எனும் குப்பி வடிவச் செல்கள் நெருங்கி நிற்கும். பெனிசிலியத்தில் குமிழ் இராது. குறுக்குச்சுவருள்ள காம்பு நுனியில் தூரிகை போலக் கிளைக்கும். இரண்டிலும் ஃபியாலைடின் வாயிலிருந்தே கொனிடியா எனும் பாலிலா வித்துகள் சங்கிலியாக வெளிவருகின்றன. ஆகவே சங்கிலியின் நுனியில் உள்ளதே மூத்த வித்து.

கேள்வி: இவற்றில் பாலினப் பெருக்கம் உண்டா?

பதில்: பல சிற்றினங்களில் உண்டு. மூடிய உருண்டையான கனியுடலுக்குள் பைகளும், ஒவ்வொரு பையிலும் எட்டு வித்துகளும் உருவாகும். ஃபியூமிகேட்டஸின் பாலினநிலை 2009இல்தான் தெரியவந்தது. பாலினநிலைக்குத் தனிப்பெயர் இடும் வழக்கத்தை 2011ஆம் ஆண்டு மெல்போர்னில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு முடிவுக்குக் கொண்டுவந்தது. பாலினநிலைப் பெயரால் எமெரிசெல்லா நிடுலன்ஸ் எனப்பட்டது இன்று ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் மட்டுமே. நல்ல காரியம் என்பேன்.

கேள்வி: ஆய்வக அறிக்கையில் “ஆஸ்பெர்ஜில்லஸ்” என்று மட்டும் இருக்கிறது. அபாயமானதா?

பதில்: அதை வைத்து ஒன்றும் சொல்ல இயலாது. ஃபிளேவஸ் அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கக்கூடியது. அதன் நெருங்கிய உறவான ஒரைசே அதை உண்டாக்குவதில்லை, நொதித்த உணவுகளுக்கே பயன்படுகிறது. ஆஸ்பெர்ஜில்லஸின் நெருங்கிய சிற்றினங்களைப் பிரித்தறிய, பூசணங்களை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படும் ஐ.டி.எஸ். எனும் டி.என்.ஏ. பகுதியின் வரிசை மட்டும் பெரும்பாலும் போதாது, கால்மோடுலின் மரபணு வரிசையையும் பார்த்துச் சிற்றினப் பெயரைத் தருமாறு ஆய்வகத்தைக் கேளுங்கள்.