பிள்ளைகள் கதைச்சுருக்கம்தான் எழுதுகிறார்கள், வாதம் எழுத எப்படிப் பழக்குவது?

ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளிடம் ஒரு இலக்கியப் பாடத்தைப் பற்றி வாதிட்டு எழுதச் சொன்னால் கதையையே திருப்பி எழுதித் தருகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழாசிரியராக நான் பார்த்தவரை, கோளாறு பெரும்பாலும் நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. "கண்ணகியின் சிறப்புகளை எழுதுக" என்றால் அதில் வாதிட என்ன இருக்கிறது? "பாண்டியன் நல்ல அரசனா?" என்று கேளுங்கள். வகுப்பு உடனே இரண்டு கட்சியாகிவிடும்.

எழுத வைக்க அவசரப்படாமல் முதலில் பேச விடுங்கள். பேசும்போது எதிரே இருப்பவன் "எப்படிச் சொல்றே?" என்று மடக்குவான். தாள் அப்படிக் கேட்காது. அந்தக் கேள்வியைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளப் பழக்குவதுதான் நம் வேலையில் முக்கால்வாசி.

மேற்கோள் காட்டுவதைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். தடுமாற்றம் அதற்கு அடுத்த வரியில்தான். "பாண்டியன் நல்ல அரசன். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொன்னான்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். நான் பக்கத்தில் "அதனால்?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தருவேன். அப்புறம் வரும்: "தவறு தெரிந்ததும் சபை நடுவிலேயே ஒத்துக்கொண்டான். அரசன் நினைத்தால் மறைத்திருக்கலாம், அவன் மறைக்கவில்லை." இந்த இரண்டு வாக்கியம்தான் வாதம். 1958இல் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியபோது, கருத்தையும் ஆதாரத்தையும் இணைக்கும் இந்தக் கண்ணிக்குத் தனி இடம் கொடுத்தார். பெரியவர்களே சொல்லாமல் விட்டுவிடுகிற பகுதி அது.

இதை விளக்க, சிலப்பதிகாரத்தில் கண்ணகி அரசனிடம் நீதி கேட்டு வாதிடும் வழக்குரை காதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கண்ணகி எடுத்த எடுப்பில் சிலம்பை உடைக்கவில்லை. என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்று முதலில் சொல்கிறாள். எங்களுடையது முத்து என்று அரசன் வாயாலேயே வருகிறது. அதன் பிறகுதான் உடைக்கிறாள். எது தெரிந்தால் என்ன அர்த்தம் என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டதால்தான் தெறித்த மாணிக்கம் சாட்சியாகிறது. வெறுமனே உடைத்திருந்தால் அது ஒரு உடைந்த சிலம்பு, அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எதிர்க்கட்சியையும் விட்டுவிடக் கூடாது. அதே மேற்கோளுக்கு முந்தைய வரி "பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட". ஒருவன் பேச்சை மட்டும் நம்பி உயிரை எடுத்தவன் எப்படி நல்ல அரசன் என்று மற்றக் கட்சி அங்கிருந்தே பிடிக்கலாம். எதிர்த்தரப்பின் வலுவான காரணத்தை ஒரே வாக்கியத்தில் நேர்மையாக எழுதிவிட்டு, பிறகு பதில் சொல்லச் சொல்லுங்கள். இது சிரமமான வேலை. எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வந்தாலே மகிழ்ச்சி.

கருத்து, ஆதாரம், விளக்கம் என்று சட்டகம் கொடுப்பதில் தவறில்லை. தொடக்கத்தில் கைப்பிடியாக உதவும். ஆனால் ஆண்டு முழுக்க அதையே பிடித்துக்கொண்டிருந்தால் எல்லார் கட்டுரையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரும்.

திருத்தும்போது முதல் வரைவில் எழுத்துப்பிழையைத் தொடாதீர்கள். ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை விழுந்தால் அடுத்த முறை பிழையில்லாத கதைச்சுருக்கம்தான் கைக்கு வரும்.